ஓடைக்கரைக் குகை

பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் நான் புதுச்சேரியில் கல்லூரி விரிவுரையாளராக இருந்தேன். மழைநீர் மண்ணை அரித்துக் குகையாக்குவதைக் காட்ட, மாணவர்களைக் காட்டேரிக்குப்பத்துச் செம்மண் ஓடைக்கரையில் இருந்த ஒரு குகைக்கு அழைத்துப் போனேன்.

"மண்ணு ஊறிக் கெடக்குது முசே. உள்ள போவ வேணாம், இங்கியே மண்ணுல தண்ணி ஊத்திச் செஞ்சு காட்டிடலாம்" என்றார், 'ஐயா' என்பதற்குப் பிரெஞ்சு வழக்கில் 'முசே' என்றே என்னை அழைக்கும், உடன் வந்த இளைய விரிவுரையாளர் மாசிலாமணி.

"பயமா இருந்தா நீ இங்கியே நில்லு" என்று மாணவர்கள் எதிரிலேயே சொல்லிவிட்டு உள்ளே நுழைந்தேன்.

கூரை சரிந்தது. மார்பு வரை மண் மூடி, மூச்சு முட்டியது.

"மேட்டுல யாரும் நிக்காதீங்க. கிட்ட வராதீங்க" என்று மாணவர்களைத் தடுத்துவிட்டு, மாசிலாமணி மட்டும் ஊர்ந்து வந்து, வெறுங்கையால் மண்ணைத் தோண்டி என்னை இழுத்தார்.

மறுநாள் கல்லூரி முதல்வர் விசாரித்தபோது, "தவறு எங்கள் இருவருடையது" என்றார் மாசிலாமணி.

"இல்லை, என்னுடையது மட்டுமே" என்றேன். அதைச் சொல்வதற்குள் எனக்கு வந்த நடுக்கம், மண்ணுக்குள் கிடந்தபோதுகூட வரவில்லை.