விரிசல் பற்றி ஒரு முறைப்பாடு

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் முறைப்பாடு எழுதுவதென்றால் பாதிப் பக்கம் கும்பிடுதான். துரையின் பாதம் பணிந்து தொடங்கி, பிள்ளைகுட்டிகளின் பசியைச் சொல்லி, கடைசி வரியில்தான் கூரை ஒழுகுவதைச் சொல்வார்கள். அதுவரைக்கும் யார் படிப்பது? பதுளையில் ஒரு கந்தோரில் கடிதமும் ஃபைலுமாக வேலை பார்த்த எனக்கு அந்தக் கும்பிடைக் கண்டாலே எரிச்சல்.

அம்மாவின் லயத்து வரிசை வீட்டுக்குப் பின்னால் மண்மேடு பிளந்து, வீட்டுச் சுவரில் கை நுழையும் அளவுக்கு விரிசல் விட்டது. இந்தத் தடவை நானே எழுதினேன். விரிசல் எங்கே, மழைக்கு எந்தப் பக்கம் மண் இறங்குகிறது, எங்களுக்கு என்ன வேண்டும், அவ்வளவுதான். 'இந்த வீட்டில் மனிதர் வாழ முடியாது. பாதுகாப்பான இடத்தில் வேறு வீடு தர வேண்டும்' என்று முடித்தேன். படங்களையும் வைத்து, தோட்டத்துக்கும் அரசாங்கக் கந்தோருக்கும் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

அந்த வாரமே அரசாங்கக் கந்தோரிலிருந்து ஜீப்பில் வந்துவிட்டார்கள். கடிதமும் கையுமாக விரிசலைப் பார்த்த அதிகாரி, "எழுதினா இப்பிடி எழுதணும் மிஸ்" என்றார். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் அம்மாவின் கதவைப் பூட்டிச் சிவப்பு அறிவித்தல் ஒட்டினார்கள். மனிதர் வாழ முடியாது என்பதை ஏற்றுக்கொண்டார்கள். வேறு வீடு மட்டும் பரிசீலனையில் இருந்தது. அதுவரைக்கும் என்று சொல்லி, மூடிக்கிடந்த பழைய தேயிலை ஸ்டோரில் அம்மாவைக் கொண்டுபோய் விட்டார்கள். ஈரச் சிமெந்துத் தரை, சேலையால் ஒரு மறைப்பு. நான் எழுதிய அடுத்த கடிதங்களுக்குப் பதிலே இல்லை. நாசமாய்ப் போனவர்கள். அந்தக் குளிரில் இருமி இருமியே அம்மா செத்துப்போனாள்.

பிணத்தைச் சொந்த வாசலில் குளிப்பாட்டித்தான் எடுப்பது எங்கள் வழக்கம். லயத்துக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அங்கே காவலுக்கு நின்ற வாச்சர் வழியை மறித்தார்.

"உள்ள விடக்கூடாதுங்க. துரை ஆர்டர்."

"செத்தவளுக்கு இனி என்னய்யா ஆபத்து?" என்று கத்தினேன்.

தோட்டத்து ஆபிசிலிருந்து பெரிய கிளாக்கர் இறங்கி வந்தார். குரலை உயர்த்தவேயில்லை.

"அம்மாவுக்கு இனி ஒண்ணும் இல்லதான் மிஸ். ஆனா தூக்கிட்டுப் போற நாலு பேருக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, அதுக்கும் நீங்கதானே எழுதுவீங்க?"

ரோட்டோரத்தில் வைத்துத்தான் அம்மாவைக் குளிப்பாட்டினோம். பஸ் வரும்போதெல்லாம் பெண்கள் சேலையை விரித்துப் பிடித்து மறைத்தார்கள்.