துடக்கு வீட்டுக்கு வந்த விருந்தாளி

என்னைக் கோவக்காரி எண்டுதான் ஊரில சொல்லுவினம். ஓம், கோவக்காரிதான். ஆனால் இரத்தினசிங்கத்தோட ஒரு மாசம் வேலை செய்து பாருங்கோ, சாமியாருக்கும் கொதி வரும்.

அவன் வேடர் ஆள். ஈச்சிலம்பற்றுக்கும் அங்கால, களப்புக்கரையோட ஒட்டின காட்டில தேன் வெட்டி, மீன் பிடிச்சு, காடு வெட்டிச் சேனைப்பயிர் செய்து சீவிச்ச சனம். எண்பத்தஞ்சில வெடிச்சத்தத்தோட ஓடினவை. கிளிவெட்டியில ஒரு முகாம், கப்பல்துறையில ஒரு முகாம் எண்டு பதினேழு வருஷம் போச்சு. மரம் ஏறித் தேன் எடுத்தவன் கப்பல்துறையில வெயிலுக்க இருந்து கல்லுடைச்சவன். ரண்டு பொம்பிளைப் பிள்ளையளும் முகாமிலதான் பிறந்ததுகள்.

பொய் மட்டும் அவனுக்கு வராது. தாய் செத்த மற்ற நாளே போய், நிவாரண மட்டையில தாயின்ர பேரைத் தானே வெட்டுவிச்சவன். "விசரா, அந்த அரிசி பிள்ளையளுக்கு ஆகாதோ?" எண்டு பெண்சாதி குணேஸ்வரி தலையில அடிச்சு அழுதவளாம். "செத்தவவுக்கு எப்பிடி அரிசி வாங்கிறது?" எண்டானாம். இப்பிடியான மனிசனோட என்னத்தைக் கதைக்கிறது!

ரண்டாயிரத்து ரண்டில சண்டை நிண்டுது. ஒரு வெளிநாட்டு நிறுவனம் வந்து பதினொரு குடும்பத்தையும் திரும்பக் கூட்டிக்கொண்டு போய், காட்டோரத்தில நாலு குடில் கட்டி, ஒரு வள்ளமும் குடுத்தது. வெளியாக்கள் வந்து தங்க, இந்தச் சனம் காட்டைக் காட்டி அதில பிழைக்கவேணும். அதுதான் திட்டம். சமைக்க ஆள் கேட்டு என்னட்ட வந்தவை. நான் கட்டைபறிச்சான் இராசமலர், பள்ளிக்கூடப் பிள்ளையளுக்குக் கஞ்சி காச்சின கை. மனிசன் போய்ச் சேர்ந்திட்டார், வீட்டில இருந்து சுவரைப் பார்க்கிறதுக்கு அங்க போகலாம் எண்டு வெளிக்கிட்டனான்.

ஒரு வெக்கக்கேட்டையும் சொல்லத்தான் வேணும். வேடரின்ர வீட்டுப் பானையில தண்ணி குடிக்கமாட்டன் எண்டு, நான் போகேக்க என்ர பானையும் குடமும் கட்டிக்கொண்டு போனனான். இரத்தினசிங்கத்துக்கு விளங்கினதுதான். ட்றக்டரில இருந்து குடம் உடையாமல் பக்குவமா இறக்கித் தந்தவன்.

ரண்டாயிரத்து மூண்டு ஆவணியில நிறுவனத்தில இருந்து மார்கிட் எண்ட வெள்ளைக்கார மனிசி வந்து நாலு நாள் தங்கிறதெண்டு ஏற்பாடு. காட்டுக்குள்ள நடந்து பார்த்து, சரியெண்டு எழுதினால் குடில் நிக்கும். இல்லையெண்டால் குடிலும் போகும், வள்ளமும் போகும், பதினொரு குடும்பமும் திரும்ப முகாமில நிக்கவேணும். இரத்தினசிங்கம் ஒரு கிழமையா நித்திரையில்லாமல் பாதை வெட்டினவன். "அக்கா, திரும்பக் கப்பல்துறைக்குப் போறதெண்டால் நான் செத்திடுவன்" எண்டு ஒருக்கா என்னட்டச் சொன்னவன். சிரிச்சுக்கொண்டு சொல்லேல்லை.

அவ வாற அண்டைக்கு விடியக்காலமை அவன்ர மூத்தவளுக்குப் பிள்ளைப்பேற்றுக் குத்து எடுத்திட்டுது. நாள் கிடக்கு எண்டு நினைச்சிருந்ததுகள். மூதூர் ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோக ட்றக்டர் வரமுன்னம் பொம்பிளையள் எல்லாம் கூடிப் பிள்ளையை எடுத்தாச்சு. ஆம்பிளைப் பிள்ளை. என்ன குரலடா அது! களப்புக்கு அந்தப் பக்கமும் கேட்டிருக்கும்.

நான் சந்தோசத்தில சீனி கிள்ளி எல்லாருக்கும் குடுக்கிறன், இரத்தினசிங்கம் வந்து சொல்லுறான்: "அக்கா, முப்பத்தொரு நாள் கழியுமட்டும் நாங்கள் ஒருத்தரும் காட்டுக்க போகேலாது. துடக்கு, பிள்ளை பிறந்த தீட்டு."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். நிறுவனத்து அன்ஸார் தம்பி, கிண்ணியாப் பொடியன், கெட்டிக்காரன், ஆறு பேரை வழிகாட்டியா எடுத்திருந்தவன். ஆறு பேரும் ஒரே குடி. அண்ணன், தம்பி, பெரியப்பன் மக்கள். ஒரு வீட்டில பிள்ளை பிறந்தால் ஆறு பேருக்கும் துடக்கு. எத்தினை கூட்டம் வைச்சவை, எத்தினை கடதாசி எழுதினவை, இதை ஒரு சீவனும் யோசிக்கேல்லை!

"டேய், கெடுகுடி சொற்கேளாது எண்டது உன்னைத்தான்," எண்டன். "வாயைப் பொத்திக்கொண்டு நாலு நாள் கூட்டிக்கொண்டு போ. வெள்ளைக்காரிக்கு ஆர் துடக்குச் சொல்லுறது?"

"என்ர சின்னையா இப்பிடித்தான் துடக்கோட காட்டுக்க போனவர். கரடி முகத்தைக் கிழிச்சது."

"கரடி துடக்குப் பார்த்தே கிழிக்குது? பேய்க்கதை கதையாதை!"

அவன் கோவிக்கேல்லை. "அக்கா, என்ர பிள்ளையள் முகாமில பிறந்ததுகள். இவன்தான் எங்கட இடத்தில பிறந்தவன். இவன் பிறந்த துடக்கை இல்லையெண்டு சொல்லச் சொல்லுறியளோ?" எண்டான். நான் அகப்பையைக் கொண்டுபோய்ப் பலகையில ஓங்கி அடிச்சுப்போட்டுத்தான் சமைக்கப் போனனான்.

மத்தியானம் வந்தினம். ஆமியின்ர சோதனைச் சென்றி, இயக்கத்தின்ர சென்றி, ட்றக்டர்க் குலுக்கல் எல்லாம் தாண்டி அந்த மனிசி சிவந்து போய் வந்து இறங்கினா. இரத்தினசிங்கத்தின்ர வீட்டுத் திண்ணையில இருந்து நல்ல வடிவாச் சாப்பிட்டா. சாப்பிட்டுச் சப்பாத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு "போவமா?" எண்டு கேட்டா. இரத்தினசிங்கம் நேர போய்ச் சொன்னான். அன்ஸார் மொழிபெயர்க்கேக்க அவன்ர குரல் இறங்கிக்கொண்டே போகுது. "யா அல்லாஹ், இதை நேற்றுச் சொல்லியிருக்கக்கூடாதா?" எண்டு தலையில கைவைச்சான்.

"நேற்றுப் பிள்ளை பிறக்கேல்லையே, தம்பி."

மனிசியின்ர முகம் கறுத்துப் போச்சு. "அப்ப நானும் அன்ஸாரும் தனியப் போறம்" எண்டு சொன்னா. அதுக்கும் இரத்தினசிங்கம் தலையை ஆட்டினான். "நீங்கள் எங்கட வீட்டில சாப்பிட்டிட்டியள். உங்களுக்கும் துடக்குத்தான்."

நான் உள்ளுக்க நிண்டு பாய்ஞ்சு வந்தன். "அப்ப எனக்கு?"

"உங்களுக்கு இல்லாமலே, அக்கா? விடிய முழுக்க நீங்கள்தானே பிள்ளைக்குச் சுடுதண்ணி வைச்சனீங்கள்," எண்டான். பானையும் குடமும் கட்டிக்கொண்டு வந்தவளைப் பார்த்து, ஒரு குத்தலும் இல்லாமல் சொல்லுறான். அண்டைக்குப் பின்னேரம் குணேஸ்வரியின்ர முத்தத்துப் பானையில தண்ணி வார்த்துக் குடிச்சனான். பச்சைத்தண்ணிதான். இனிச்சது.

மார்கிட் முதல் நாள் ஒருத்தரோடயும் கதைக்கேல்லை. ரண்டாம் நாள் இரத்தினசிங்கம் அவவைக் களப்பில வள்ளத்தில ஏத்திக்கொண்டு போனவன், தண்ணிக்குத் துடக்கில்லையாம். கண்டல் மரத்து வேருக்க கையை விட்டு நண்டு பிடிக்கக் காட்டிக் குடுத்தான். நண்டு அவவைக் கடிச்சுது, அவ கத்தினா, கரையில நிண்ட பொம்பிளையள் விழுந்து விழுந்து சிரிச்சுதுகள். மூண்டாம் நாள் பிள்ளைப்பெத்தவளுக்கு மருந்துச் சரக்கு அரைச்சு நான் வைச்ச காயக்கறியை மணந்துகொண்டு குசினிக்க வந்து, தனக்கும் வேணுமெண்டு தட்டை நீட்டினா. பிறகு பார்த்தால் பிள்ளையை மடியில வைச்சுக்கொண்டு ஏதோ தன்ர பாசையில தாலாட்டுறா.

போற அண்டைக்கு அன்ஸார் மூலமாக் கேட்டா: "முப்பத்திரண்டாம் நாள் வந்தால் கூட்டிக்கொண்டு போவியளோ?"

"வாங்கோ. அதுக்கிடையில வேற ஒண்டு பிறக்காட்டி," எண்டான் இரத்தினசிங்கம். அவ சிரிச்சா. அவன் பகிடிக்குச் சொல்லேல்லை.

முப்பத்தொண்டு கழிஞ்சுது. முப்பத்திரண்டும் போச்சு. ஆரும் வரேல்லை. நாப்பது, நாப்பத்தஞ்சு. "போச்சடா, எல்லாம் உன்ர வாயால போச்சு" எண்டு நாளுக்கு நாலுதரம் நான் அவனைத் திட்டினது. அவன் பாதையில விழுந்த கொப்புகளை வெட்டி அப்புறப்படுத்திக்கொண்டே இருந்தவன். முகம் மட்டும் சுருங்கிக்கொண்டு போனது. குணேஸ்வரி ஒருநாள் குசினிக்க வந்து, "கப்பல்துறையில எங்கட கொட்டிலில இப்ப வேற ஆக்களாம்" எண்டு சொல்லி அழுதவள்.

அம்பதாம் நாளுக்குக் கிட்ட அன்ஸார் வந்தான். ட்றக்டர் நிக்கமுன்னமே கடிதத்தை ஆட்டிக்கொண்டு குதிச்சான். எல்லாரும் கூடி நிக்க வாசிச்சான். மார்கிட் எழுதியிருந்தது: "நான் காடு பார்க்கப் போனேன். பார்க்கவில்லை. எனக்காகக்கூடத் தங்கள் வழக்கத்தை விடாதவர்களிடம் அந்தக் காடு பத்திரமாக இருக்கும்." குடில், வள்ளம் எல்லாம் பதினொரு குடும்பத்தின்ர பேரில. தை பிறக்க முதல் ஆக்கள் வருவினம். ஒரு கண்டிசன்: வாகரைப் பக்கத்தில இருந்து வேற குடியில ரண்டு வழிகாட்டி எடுக்கவேணும்.

"அது நல்ல யோசினை," எண்டான் இரத்தினசிங்கம். எழும்பித் தன்ர வீட்டுக்க போனான்.

நான் விடுவனே, பின்னால போனன். பிள்ளைக்குச் சுடுதண்ணி குடுக்கேக்கயும் வாசலோட நிண்டனான்; அப்பதான் அந்த வீட்டுக்குள்ள முதல்தரம் கால் வைச்சனான். ஒரு சுவரோட எட்டுச் சாக்கு வரிசையா நிக்குது, வாயெல்லாம் கயிறு போட்டுக் கட்டியபடி. சட்டி, பானை, உடுப்பு, கோடாலி, பிள்ளையளின்ர புத்தகம், எல்லாம் அதுக்குள்ள. வந்து ஒரு வருஷமாகியும் தேவைக்கு ஒண்டை எடுக்கிறது, திரும்ப வைச்சுக் கட்டுறது. ஓடவேணுமெண்டால் தூக்கிக்கொண்டு ஓட. பதினேழு வருஷப் பழக்கம்.

அவனும் குணேஸ்வரியும் ஒவ்வொரு முடிச்சா அவிழ்த்ததுகள். நானும் இருந்து சட்டியளை எடுத்துப் பலகைத் தட்டில அடுக்கினன். கடைசிச் சாக்கையும் வெறுமையாக்கினாப் பிறகு, வெளியில கொண்டுபோய் எட்டையும் உதறி, மடிச்சுக் கொண்டுவந்து என்ர கையில தந்தான்.

"அக்கா, இதுகள் இனி எங்களுக்குத் தேவையில்லை. குசினி வாசலில கால் துடைக்கப் போடுங்கோ."