கேரட் தொட்டியில் இறங்கிய கால்

போன வாரம் கொடைக்கானல் ஓட்டலில் வேலை பார்க்கும் என் மகள் ஒரு சிறு டப்பா கொண்டுவந்தாள். காப்பித்தூளும் சர்க்கரையும் எண்ணெயும் கலந்து வைத்திருந்தது. பாதத்தில் தேய்த்தால் செத்த தோல் உரியுமாம். மூடியைத் திறந்ததும் அந்த வாசனை என்னை எங்கள் பேத்துப்பாறை ஊரின் பழைய நாட்களுக்கே இழுத்துப் போய்விட்டது.

காப்பிச் சக்கையால் நாங்களும் முகம் தேய்த்தவர்கள்தான். கைக்குப் பீர்க்கங்காய் நார். ஆனால் பூண்டுக் காட்டில் நின்று வெடித்த குதிகாலுக்கு அதெல்லாம் எம்மாத்திரம். எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோது என் கவலை முழுக்க அந்தக் காலைப் பற்றித்தான். அம்மி மேல் காலைத் தூக்கி வைத்து மெட்டி போடும்போது, பெரியகுளத்து மாப்பிள்ளை கையில் இதுவா கிடக்கப்போகிறது?

பக்கத்து வீட்டுச் சரோஜாவின் கால் மட்டும் உரித்த பூண்டுப் பல் மாதிரி இருக்கும். சிலோன் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம். கூச்சத்தை விட்டுக் கேட்டேன்.

"என்னா கதைக்கிற நீ? நாந்தான் தெனமும் கேரட்டு மிதிக்கிறேன்ல. வெள்ளனே வா. அதோட சேத்து ஒன்னையும் அலசிருவோம்."

ஓடை ஓரத்துச் சிமெண்டுத் தொட்டியில் கேரட்டைக் கொட்டித் தண்ணீர் விட்டிருந்தார்கள். குறுக்கே கட்டிய மூங்கிலைப் பிடித்துக்கொண்டு மிதிக்க வேண்டும். குளிர் எலும்பு வரை ஏறியது. கேரட்டில் ஒட்டிய மணல் வெடிப்பில் உரசியபோது கண்ணில் நீர் வந்துவிட்டது. மண் கரைந்து, கலங்கல் வடிந்து, காலடியில் கேரட் நெருப்புப் போல மின்னியது. அதை அப்படியே பார்த்துக்கொண்டு நின்றேன். "வேடிக்க பாக்காம வெரசா மிதி புள்ள" என்று சரோஜா அதட்டினாள். அன்றிலிருந்து தினமும் மிதித்தேன். ராத்திரி வேப்பெண்ணெய் தடவிப் படுப்பேன். கல்யாணம் நெருங்கும்போது குதிகாலைத் தடவிப் பார்த்தால் வேறு யாருடைய காலோ போலிருந்தது.

என் காலை அம்மியில் எடுத்து வைத்த மாப்பிள்ளை மெட்டி போடாமல் நிமிர்ந்தார்.

"பூண்டுக் காட்டுல வேல பாக்குற பொண்ணுன்னாங்க. பொய்யா?"

பின்னால் நின்ற சரோஜாதான் சொன்னாள். "பொய்யில்ல மாப்பிள்ள. கேரட்டுத் தொட்டியில ஒரு நா எறங்கிப் பாருங்க, ஒங்க காலும் இப்பிடி ஆயிரும்."

மறுவீட்டுக்கு வந்தவர் நிஜமாகவே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். பிறகு எங்கள் ஊரிலேயே தங்கிவிட்டார்; பல வருஷம் சேர்ந்தே மிதித்தோம்.

இப்போது கேரட்டை மெஷினில் போட்டுச் சுற்றுகிறார்கள். தொட்டியை மூடி அதன் மேல் ஜீப் நிறுத்துகிறார்கள். சரோஜா திருப்பூருக்குப் போய்விட்டாள். பனி விழுந்தால் அவரும் நானும் அடுப்படியில் காலை நீட்டி உட்காருகிறோம், எது யாருடைய கால் என்று தெரியாத அளவுக்கு வெடித்துக்கொண்டு.