பக்தவச்சலத்தின் தலைமுடி

பிரபாவதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மனுஷன் நிம்மதியாக ஒரு டீ குடிக்க முடியாது. நாற்காலியின் விளிம்பில்தான் உட்காருவாள். கால் ஆடிக்கொண்டே இருக்கும். மேசையும் சேர்ந்து ஆடும், என் டீயும் ஆடும். "பூகம்பமா வந்துகினு இருக்குது? காலை நிறுத்தும்மா!" என்று கத்துவேன். "சரிண்ணா" என்பாள். நிறுத்தினால்தானே!

திருத்தணியில் மலைக்குப் போகிற சாலையில் இருக்கிறது என் ஸ்டுடியோ. கல்யாணத்தில் படம் எடுப்பது நான். பேர் வளவன். மண்டபத்துத் திரையில் ஓடுகிற அனிமேஷன் எல்லாம் பிரபாவின் வேலை. அவளுக்கு ஆர்.கே.பேட்டை பக்கம் ஒரு கிராமம். அப்பாவும் அம்மாவும் கழனி வேலைக்குப் போகிறவர்கள். அரக்கோணத்தில் அனிமேஷன் படித்துவிட்டு, சென்னையில் கார்ட்டூன் செய்யும் கம்பெனிக்கு ரயிலில் போய் வந்துகொண்டிருந்தாள். ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தால் கம்பெனிக்குப் பூட்டு. அவள் வரைந்ததெல்லாம் உள்ளேயே போய்விட்டது. அன்றைக்குப் பிடித்த பதற்றம்தான் இது. ஒரு கோடு போட்டால் சேவ் பண்ணுவாள். தும்மினாலும் சேவ் பண்ணுவாள்.

அவள் வேலையைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த சாஃப்ட்வேருக்குள் ஒரு போட்டோவைக் கொண்டுவந்தால், அது லைப்ரரி என்ற இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். படத்தில் அந்த முகம் எத்தனை இடத்தில் வந்தாலும் சரக்கு அந்த ஒன்றுதான். அதில் கைவைத்து சேவ் பண்ணினால் எல்லா இடத்திலும் மாறிவிடும், ஃபோல்டரில் இருக்கிற அசல் படமும் சேர்த்து. அதனால் முதலில் ஒரு நகல் எடுத்துத் தனியாக வைத்துவிட்டுத்தான் பிரபா அசலைத் தொடுவாள்.

போன மாதம் ஜெயம்மா என்கிற அம்மா வந்தார். மகள் அபிக்குக் கல்யாணம். கணவர் பக்தவச்சலம் தவறிச் சில வருஷம் ஆகிறது. தாலி கட்டும் நேரத்தில் அவர் திரையில் வந்து ஆசீர்வாதம் பண்ண வேண்டும். அவர் போட்டோவுக்கு நிற்கிற ஆளே இல்லையாம். ஆதார் அட்டையில் இருந்த முகம் பெற்றவளுக்கே அடையாளம் தெரியாது. தேறியது ஜெயம்மாவின் போனில் இருந்த ஒரே படம். கோயில் வாசலில் மொட்டைத் தலையோடு ஒரு பக்கமாகத் திரும்பி நின்று வாய் கொள்ளாத சிரிப்பு.

"முடி வச்சுக் குடும்மா" என்றார் ஜெயம்மா.

"ஏம்மா? நல்லாத்தானே இருக்காரு" என்றாள் பிரபா.

"சொன்னதச் செய்யும்மா" என்று அவர் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

போனில் ஒயரைச் செருகிப் படத்தை இறக்கிக்கொண்டோம். என் கல்யாணப் படத்திலிருந்து என்னுடைய முடியையே எடுத்து வைத்தாள் பிரபா. அப்போது எனக்கு முடி இருந்தது, சிரிக்காதீர்கள். அன்றைக்கென்று போனுக்கு மேல் போன். கரண்ட் வேறு போய்ப் போய் வந்தது. கரண்ட் போவதற்குள் முடித்துவிடும் அவசரத்தில் நகல் எடுக்க மறந்து, அசலிலேயே முடியை ஒட்டி, பழக்கதோஷத்தில் சேவ் பண்ணியும் விட்டாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் கல்யாணப் பெண்ணே படத்தைப் பார்க்க வந்துவிட்டாள். திரையில் அப்பா வந்ததும் முகம் சுருங்கிப்போனது.

"யாருக்கா இது?"

"உங்க நைனாதாம்மா. முடி வச்சிருக்கோம், அவ்வளவுதான்."

"யாரு வைக்கச் சொன்னது? டெங்கு வந்து நான் சாவக் கெடந்தேன். நான் பொழச்சா முடி தரேன்னு வேண்டிக்கினு வந்து எங்க நைனா மொட்டை போட்டாருக்கா. எனக்காகக் குடுத்த முடிய நீங்க எப்படித் திரும்ப வைக்கலாம்? நாளைக்கு எனக்கு அந்த நைனாதான் வேணும்."

பிரபா லைப்ரரியைத் திறந்தாள். நகல் இல்லை. ஃபோல்டரைத் திறந்தாள். அங்கேயும் என் முடியோடுதான் இருந்தார் பக்தவச்சலம். ஜெயம்மாவின் போனில் இருக்குமே என்று கேட்டால், அதை எக்ஸ்சேஞ்சில் போட்டாயிற்றாம். "படம் ஸ்டுடியோல பத்திரமா இருக்குதுன்னு அம்மா குடுத்துட்டாங்க" என்று அழுதாள் அபி.

பிரபா எழுந்து தெருவுக்குப் போனாள், உள்ளே வந்தாள், மறுபடி தெருவுக்குப் போனாள். "இப்படிச் சுத்தினா படம் வந்துடுமா?" என்று கத்தினேன். "அசலைத் தொலைச்சுட்டேண்ணா. செத்தவரைத் தொலைச்சுட்டேன்" என்றாள்.

அபி போன் பண்ணி விஷயத்தைச் சொல்ல, ஜெயம்மா டவுன் பஸ் பிடித்து வந்து இறங்கினார். கடை வாசலிலேயே தாய்க்கும் மகளுக்கும் பிடித்துக்கொண்டது.

"அந்த மொட்டை என்ன பாவம் பண்ணிச்சு உனக்கு? ஏன் மறைச்ச?"

"நாலு பேர் பாக்குற எடத்துல நல்லா இருக்கட்டும்னுதான்."

"பொய் சொல்லாதம்மா!"

ஜெயம்மா ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார். "கடைசியில உங்க நைனாவுக்குத் தலையில ஆப்பரேஷனுன்னு ஆஸ்பத்திரியில மழிச்சாங்க. அப்படியே துணியில சுத்திக் குடுத்தாங்க. உன்னை அப்ப உள்ள வுடல, நீ பாக்கல. நான் பாத்தேன். மொட்டைன்னாலே எனக்கு அந்தத் தலைதாண்டி தெரியுது. நாளைக்கு உன் கல்யாணத்துல அதைப் பாத்துகினு எப்படி நான் நிப்பேன்?"

அபி தாயின் காலடியில் உட்கார்ந்து மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பிறகு தலையைத் தூக்கி, "முடியே இருக்கட்டும்க்கா" என்றாள் பிரபாவிடம்.

எனக்கு உயிர் வந்தது. அப்பாடா, விட்டது தொல்லை என்று நினைத்தேன். நினைத்ததற்கு இப்போது கூச்சமாக இருக்கிறது.

ஜெயம்மா மகளின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு ஸ்டூலைக் கம்ப்யூட்டர் பக்கம் இழுத்துப் போட்டார்.

"முடிய எடும்மா. எப்படி இருந்துதுன்னு நான் சொல்றேன்."

பிரபா முதலில் ஒரு நகல் எடுத்தாள். அப்புறம் முடியை அழித்துவிட்டு வெறும் தலையை வரைய ஆரம்பித்தாள். "உச்சி கொஞ்சம் மேடா இருக்கும். ஆங், அப்படித்தான். காது மேல ஒரு தழும்பு, சின்ன வயசுல மாடு முட்டுனது. இன்னும் கீழ. பின்னால சப்பையா இருக்கும்மா, இவ்ளோ உருண்டை இல்ல." அழித்து அழித்து வரைந்தாள் பிரபா. ஜெயம்மா திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

கடைசியில் பிரபா மவுஸிலிருந்து கையை எடுத்தாள். "இதாம்மா?"

ஜெயம்மா வெகுநேரம் பார்த்தார். கை தானாக நீண்டு திரையில் அந்தத் தலையைத் தொட்டது.

"சந்தனம் பூசும்மா" என்றார். "நெறையப் பூசு. ஆஸ்பத்திரியில யாரும் பூசல."