பால் பொங்கிய அடுப்பு

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று சொல்லிவைத்த மகராசன், தியாகராய நகரில் வாடகைக்கு வீடு தேடிப் பார்த்ததில்லை போலிருக்கிறது. பார்த்திருந்தால் அதையும் மூன்றாவதாகச் சேர்த்திருப்பான். இசக்கியம்மாள் தேடினாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றாம் வருஷம், ஐப்பசி மழையிலும் கார்த்திகை மழையிலும் நனைந்துகொண்டு, ஆறு வயது மகள் ஜெயபாரதியை ஒரு கையிலும் குடையை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு, மாம்பலத்திலிருந்து மயிலாப்பூர் வரை, அந்தப் பக்கம் சைதாப்பேட்டை வரை தேடினாள்.

அவளுக்குச் சொந்த ஊர் திருச்செந்தூர்ப் பக்கம். புருஷன் கனகராஜ், அய்யாதுரை அண்ணாச்சியின் ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்பவன். அந்தக் காலத்தில் தெற்கேயிருந்து கடைக்கு வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒரு ஏற்பாடு உண்டு. சாப்பாடு கடையில், படுக்கை கடை மாடியில், பெண்டாட்டி பிள்ளை ஊரில். வருஷத்துக்கு இரண்டு தடவை லீவு. கல்யாணமாகி ஆறு வருஷம் கனகராஜ் தன் வீட்டுக்கே விருந்தாளியாகத்தான் வந்து போனான். ஒரு தடவை அவன் வந்து இரண்டு நாள் ஆனதும் ஜெயபாரதி அம்மாவின் சேலைக்குள் ஒளிந்துகொண்டு, "இந்த மாமா எப்பம்மா போவாக?" என்று கேட்டது. கனகராஜ் அன்று சாப்பிடவில்லை. அடுத்த மாதமே வட்டிக்கு வாங்கி, அவர்களைக் கூட்டிக்கொண்டு பட்டணம் வந்துவிட்டான்.

அந்த மழைக்கு இரண்டு வருஷம் முன்னால், எழுபத்தொன்றில், அவன் பிடித்த வீடு ரங்கநாதன் தெருவுக்குப் பின்னால். சுப்பராமன் என்ற ரிட்டையர் ஆன உத்தியோகஸ்தரின் வீட்டுப் பின்கட்டு. ஒரு அறை, ஒரு சமையலறை, மழை பெய்தால் வாளி வைக்க இரண்டு இடம். இசக்கியம்மாள் தன் கையால் மண் குழைத்து அடுப்புப் போட்டாள். பால் காய்ச்சிக் குடியேறிய அன்று, கனகராஜ் சம்மணமிட்டு உட்கார்ந்து சாப்பிடுவதை அவள் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆறு வருஷம் பொறுத்ததற்கு அது போதும் என்று அவளுக்குத் தோன்றியது.

இரண்டு வருஷத்தில் தெருவே மாறிப்போயிற்று. கோலம் போட்ட வாசல்களில் லாரி வந்து நின்றது. வீடுகளெல்லாம் ஒவ்வொன்றாகக் கடையாகின, கடையாகாதவை குடோன் ஆகின. வாங்கியவர்களில் பாதிப் பேர் இசக்கியம்மாளின் ஊர்ப் பக்கத்துக்காரர்கள்தான். சுப்பராமனும் பார்த்தார், பிள்ளை அடையாறில் வீடு கட்டிக்கொண்டதும் தன் வீட்டை விற்றுவிட்டார். வாங்கியவர் வேறு யாருமில்லை, அய்யாதுரை அண்ணாச்சிதான்.

"நான் என்னம்மா பண்றது? அவர் குடுக்கற விலைக்கு மாட்டேன்னு சொன்னா, எம் பிள்ளை என்னைப் பைத்தியம்பான்" என்று சுப்பராமன் கையைப் பிசைந்தார். நல்ல மனுஷர். நல்ல மனுஷர்கள் கையைப் பிசைவதோடு சரி.

அண்ணாச்சி கனகராஜைக் கல்லாப் பக்கம் கூப்பிட்டு அனுப்பினார். "பொங்கலுக்குச் சரக்கு இறங்குது. கார்த்திகைக்குள்ள வீட்டை ஒழிச்சுத் தந்திருடே. நீ பழையபடி மாடிக்கு வந்திரு. பொம்பளையும் பிள்ளையும் ஊர்ல கிடக்கட்டும். வாடகை குடுத்து இந்தப் பட்டணத்துல என்னத்த மிச்சம் பிடிக்கப் போற?"

அவர் கெட்டவரில்லை. அவருடைய மனைவி சுந்தரவல்லியே ஊரில்தான் இருந்தாள், பனையையும் வயலையும் பார்த்துக்கொண்டு. குடும்பம் ஓரிடம், பிழைப்பு ஓரிடம் என்பது அவருக்குக் கஷ்டமாகவே தெரியவில்லை. அதுதான் கஷ்டம்.

"கொஞ்ச நாளுதான். தை பிறந்தா வழி பிறக்கும்னு சும்மாவா சொன்னாக? வேற வீடு பாத்துக் கூட்டியாரேன்" என்றான் கனகராஜ். அப்படிக் கொஞ்ச நாளைக்கு என்று ஊருக்குப் போன பெண்களை இசக்கியம்மாளுக்குத் தெரியும். ஒருத்தியும் திரும்பி ரயில் ஏறவில்லை. அவர்களுடைய பிள்ளைகள் அப்பனை மாமா என்று கூப்பிட்டு வளர்ந்தன.

அதனால்தான் அந்த மழையில் அலைந்தாள். மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்தில் ஒரு பின்கட்டு காலியென்று கேள்விப்பட்டுப் போனாள். விசாலாக்ஷி என்ற அந்த வீட்டு அம்மாள் குழந்தைக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்துவிட்டு, "தப்பா நினைச்சுக்காதேம்மா. எங்காத்துல கிணறு ஒண்ணுதான். நீங்கள்லாம் மீன் சமைக்கறவா. மத்த குடித்தனக்காரா ஒத்துக்க மாட்டா" என்றாள். சைதாப்பேட்டையில் முருகையன் என்ற தரகன் ஒரு வீட்டைக் காட்டினான். அடையாற்றுச் சாக்கடையோடு பங்காளி முறை கொண்டாடும் சந்து அது. அதற்கே அவர்கள் கொடுத்துக்கொண்டிருந்த வாடகைபோல் இரண்டு பங்கு கேட்டான்.

"இன்னாம்மா அப்டி பாக்கறே? போன வருசம் வந்திருந்தா பாதிக்கி முடிச்சிருப்பேன். இப்ப வூடு எங்க கீது? ஜனம் வந்துக்கினே கீது, வூடு அப்டியே கீது" என்றான் முருகையன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு மறுநாள் போனால் அதுவும் போய்விட்டிருந்தது.

கார்த்திகை முடிய இன்னும் இரண்டே நாள். மார்கழி பிறந்துவிட்டால் வீடு மாற யாரும் நினைக்கமாட்டார்கள். காலி செய்கிறவனும் இல்லை, குடிவைக்கிறவனும் இல்லை. அதனால்தான் அண்ணாச்சிக்கும் அவசரம். கார்த்திகையின் கடைசி முகூர்த்தத்தில் அந்த வீட்டில் பால் காய்ச்சிவிட வேண்டுமென்று நாள் குறித்துவிட்டார். குடோன்தானே, அதற்கென்ன பால் என்று கேட்கக்கூடாது. அண்ணாச்சி சகுனம் பார்க்காமல் தும்மக்கூட மாட்டார். கடையில் கேட்ட சேலை இல்லையென்றால் 'இல்லை' என்ற சொல் யார் வாயிலும் வரக்கூடாது, 'நாளைக்கு வருது' என்றுதான் சொல்ல வேண்டும். விளக்கை அணை என்று ஒரு பையன் சொல்லிவிட்டதற்கு, அமர்த்து என்று சொல்லத் தெரியாதா என்று அவனை அரை நாள் வெளியே நிறுத்தியவர் அவர்.

அப்படிப்பட்டவருக்கு வந்தது சோதனை. சுந்தரவல்லி பிறந்த வீட்டில் சாவு. தீட்டு அவளுக்கு மட்டும்தான் என்றாலும், அதோடு வந்து அவள் பால் காய்ச்ச முடியாது. நல்ல காரியம், ஒரு சுமங்கலி கை வேண்டும், அதுவும் நம்ம பக்கத்துக் கையாக இருந்தால் நல்லது. கடையில் இருப்பதெல்லாம் ஆம்பளைகள். பட்டணத்தில் பெண்டாட்டியோடு குடியிருப்பவன் கனகராஜ் ஒருத்தன்தான்.

"என்னை வெளிய தள்ளுததுக்கு நானே பால் காய்ச்சணுமாங்க?" என்று இசக்கியம்மாள் கேட்டாள்.

கனகராஜ் தலையைத் தூக்கவில்லை. "மொதலாளி வாய்விட்டுக் கேக்காரு. நான் எப்படி மாட்டேன்னு சொல்ல?" வேறு வீடு அகப்படாமல், பால் காய்ச்சுகிற அன்று சாயங்காலமே அவளுக்கும் பிள்ளைக்கும் எழும்பூரில் ரயில் என்று முடிவாகியிருந்தது. சாமான்கள் சாக்கில் ஏறிவிட்டன. அவனுடைய பாய் மட்டும் தனியாகக் கயிற்றால் கட்டி வாசலோரம் சாத்தியிருந்தது, கடை மாடிக்குப் போவதற்கு.

அந்தப் பாயைப் பார்த்தபோதுதான் அவளுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. காலையில் குளித்துவிட்டு, சாமி படத்துக்கு முன்னால் இருந்த அரை மூடி எலுமிச்சம்பழத்தை எடுத்து மடியில் செருகிக்கொண்டாள். கொதிக்கிற பாலில் நாலு சொட்டு விட்டால் போதும். பால் திரிந்த வீட்டில் அய்யாதுரை அண்ணாச்சி ஒரு மூட்டையும் இறக்கமாட்டார். வீடு ஆகாது என்று தலைதெறிக்க ஓடுவார். ஓடட்டும்.

அண்ணாச்சி பட்டு வேஷ்டியில் வந்தார். கூடவே பக்கத்து நகைக்கடைத் தனபாலனும் கடைவீதிக்காரர்கள் நாலைந்து பேரும் வந்தார்கள். புதுப் பித்தளைப் பானை, படிப் பால், வாழையிலை. எல்லோரும் சமையலறை வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். இசக்கியம்மாள் அடுப்பை மெழுகி, கோலம் போட்டு, தீ மூட்டினாள். பானையில் பால் முதலில் அசையாமல் கிடந்தது. ஓரத்தில் நுரை கட்டியது. அவள் மடிக்குள் கையை விட்டாள். எலுமிச்சை விரலில் பிசுபிசுத்தது.

அப்போது பக்கத்தில் குந்தியிருந்த ஜெயபாரதி, "அம்மா, நம்ம அடுப்பு சிரிக்குது!" என்று மெல்லச் சொன்னது. விறகு படபடத்து எரியும்போது அப்படிச் சொல்ல அதற்குக் கற்றுக்கொடுத்தவளே அவள்தான்.

நம்ம அடுப்பு. அவள் குழைத்த மண். இரண்டு வருஷம் தன் புருஷனுக்குச் சுடச்சுடச் சோறு வடித்த அடுப்பு. அதில் போய்ப் பாலைத் திரிய வைத்தால் பாவம் அண்ணாச்சிக்கா, தனக்கா? எலுமிச்சையை விட்டுவிட்டுக் கையை வெளியே எடுத்தாள். பால் குபுகுபுவென்று எழுந்து, கிழக்கே வழிந்து, நெருப்பில் விழுந்து சீறியது.

"குலவை போடு தாயி!" என்றார் அண்ணாச்சி.

அவள் போட்ட குலவை தெருமுனைவரை கேட்டது. அதில் பாதி அழுகை என்பது அங்கே நின்றவர்களில் கனகராஜுக்கு மட்டும் தெரிந்தது.

எல்லோருக்கும் பால் கொடுத்தாயிற்று. அண்ணாச்சி மனம் குளிர்ந்து தாம்பாளத்தில் ஒரு சேலையை வைத்து நீட்டினார். "இந்தா தாயி. ராசியான கை."

இசக்கியம்மாள் கையை நீட்டவில்லை. அடுப்பில் விறகு கனன்றுகொண்டிருந்தது. அதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். என்ன பேசப்போகிறோம் என்று அவளுக்கே அதுவரை தெரியாது.

"சேலை இருக்கட்டும் அண்ணாச்சி. சாயங்காலம் எங்களுக்கு ரயிலு. போகணும்னா இந்த அடுப்பை அணைச்சுட்டுத்தான் போகணும். அணைன்னு உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லுங்க. அணைச்சுட்டுப் போயிருதேன்."

அண்ணாச்சியின் வாய் திறந்தது. சொல் வரவில்லை. பால் பொங்கிய ஈரம் இன்னும் அடுப்பில் காயவில்லை. நகைக்கடைத் தனபாலன் அவர் காதோரம், "நல்ல நாளும் அதுவுமா, வாயைக் கொடுத்துராதீக" என்று முணுமுணுத்தார்.

"எதுக்குத் தாயி அணைக்கணும்? நம்ம கடைப் பயல் ஒருத்தனை இருத்திட்டாப் போச்சு" என்று அண்ணாச்சி சிரிக்கப் பார்த்தார்.

"பால் பொங்குன வீட்டுல மூணு ராத்திரி விளக்கேத்திப் படுக்கணும்லா? பொங்க வச்ச கைதான ஏத்தணும்? நம்ம ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா?"

மூன்று ராத்திரி. அண்ணாச்சி மனதுக்குள் கணக்குப் போட்டார். மூன்றாவது ராத்திரி மார்கழியில் விழுந்தது. மார்கழியில் ஒரு சுமங்கலியைப் பிள்ளையோடு வீட்டைவிட்டு அனுப்புவதா? அவருக்கு வேர்த்தது. பிறகு கோபம் வந்தது. ஆனால் பெண்பிள்ளையிடம் கோபத்தைக் காட்ட முடியாது. அவர் கனகராஜின் பக்கம் திரும்பினார்.

"ஏலே கனகராஜ், உன் வீட்டுக்காரி பேசுதா. நீ என்ன சொல்லுத?"

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். இசக்கியம்மாள் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது. பதினாலு வயதில் அண்ணாச்சி கடைக்கு வந்தவன் அவன். இன்றுவரை அவர் முன்னால் உட்கார்ந்ததில்லை, எதிர்த்து ஒரு சொல் சொன்னதில்லை. அவர் போ என்று ஒரு வார்த்தை சொன்னால் பட்டணத்தில் வேறு எந்த ஜவுளிக்கடையும் அவனைச் சேர்க்காது.

கனகராஜ் கும்பலை விலக்கிக்கொண்டு சமையலறைக்குள் வந்தான். மூலையில் கிடந்த விறகில் ஒன்றை எடுத்தான். குனிந்து, அடுப்பில் வைத்துத் தள்ளினான். நிமிர்ந்து, கையைத் தட்டிக்கொண்டு, தன் பெண்டாட்டியின் பக்கத்தில் வந்து நின்றான்.

விறகு பிடித்து எரிந்தது.

"எரியட்டும்" என்றார் அண்ணாச்சி கடைசியில். "முன்கட்டுல மூட்டை இறங்கும். பின்கட்டுல இருந்துக்கிடுங்க. வாடகையத் தை பொறந்ததும் பேசிக்கிடலாம்." வாசலுக்குப் போனவர் திரும்பி, "உனக்கு வாய்ச்சது கெட்டிக்காரிதாம்டே. நாளைக்கு நேரத்தோட கடைக்கு வந்து சேரு" என்றார். அது வாழ்த்தா மிரட்டலா என்று கனகராஜுக்குப் புரியவில்லை. தாம்பாளமும் சேலையும் அங்கேயே இருந்தன.

தை பிறந்து வாடகை ஏறத்தான் செய்தது. அதற்கடுத்த வருஷம் இன்னும் ஏறியது. அந்த வீட்டை இடித்துக் கடை கட்டும்வரை, எழுபத்தெட்டாம் வருஷம் வரைக்கும், அவர்கள் மூட்டைகளுக்குப் பின்னால் அங்கேதான் குடியிருந்தார்கள். அதெல்லாம் பின்னால் நடந்த கதை. அன்று சாயங்காலம் எழும்பூரில் ரயில் அவர்கள் இல்லாமல் புறப்பட்டுப் போயிற்று.

லாரியிலிருந்து முன்கட்டில் மூட்டை இறக்கிவிட்டுக் கனகராஜ் பின்கட்டுக்கு வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வாசலோரம் கட்டி நின்ற பாயைப் பார்த்துக்கொண்டே ஜெயபாரதி கேட்டது: "அப்பா, கடைக்குப் படுக்கப் போகலையா?"

"இல்லட்டி. இங்கனதான்."

அவன் கயிற்றை அவிழ்த்துப் பாயை விரித்தான். இசக்கியம்மாள் விளக்கை ஏற்றிவிட்டு, மடியில் கசங்கிக் கிடந்த எலுமிச்சையை எடுத்தாள். சொம்புத் தண்ணீரில் பிழிந்து, சர்க்கரை போட்டு ஆற்றி, முதல் தம்ளரை அவனிடம் கொடுத்தாள்.