கூறைச்சேலை ரவிக்கையும் ஒரு பின்சக்கரமும்

புது மோட்டார் சைக்கிளுக்குப் பூஜை போட்ட மறுநாளே டயர் பஞ்சராகி நடுவழியில் நின்றவள், கிள்ளான் பள்ளத்தாக்கில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். முந்தின நாள் சாயங்காலம்தான் கிள்ளானில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கோவிலில் மோட்டாருக்கு எலுமிச்சம்பழ மாலை போட்டு, சூடம் காட்டி, இரண்டு சக்கரத்துக்கும் அடியில் பழம் வைத்து நசுக்கி, எல்லாவற்றையும் முறைப்படி செய்திருந்தேன். நெடுஞ்சாலையில் மோட்டாருக்கென்று தனியாகப் போட்ட பாதையில் பின்சக்கரம் படுத்துக்கொண்டபோது, சாமியை நான் என்னவெல்லாம் கேட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்காது.

நான் வீட்டில் வைத்துத் தையல் வேலை செய்கிறேன். இருபது வருஷமாக ரவிக்கைதான் என் பிழைப்பு. அன்று காலை மோட்டாரின் முன்கூடையில் ஒரு கல்யாணப்பெண்ணின் ரவிக்கை இருந்தது. சும்மா ரவிக்கை இல்லை, கூறைச்சேலையோடு போட வேண்டியது. மணப்பெண் முதலில் வேறொரு சேலையில் மேடைக்கு வருவாள். ஐயர் கூறைச்சேலையைக் கையில் கொடுத்ததும் உள்ளே போய்க் கட்டிக்கொண்டு வருவாள். பிறகுதான் தாலி. பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் பத்தரைக்கு முகூர்த்தம், அவள் ரவிக்கை என்னோடு பாதி வழியில் நிற்கிறது.

இதில் என் தப்பு பாதி, அவள் தப்பு பாதி. அளவு கொடுத்தபிறகு அந்தப் பெண் இரண்டு மாதம் ஜிம்முக்குப் போயிருக்கிறாள். இடுப்பு குறைந்தது, கை பெருத்துவிட்டது. முந்தின நாள் போட்டுப் பார்த்தபோது கைப்பகுதி முழங்கையைத் தாண்டவில்லை. அவள் அண்ணன் ரவிக்கையைக் கிள்ளானுக்குக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, மண்டப வேலைக்கு ஓடிவிட்டான். "நானே காலையில கொண்டாந்திடுறேன், புது மோட்டார் இருக்கு" என்று நான்தான் வாயைக் கொடுத்தேன். விடிவதற்கு முன்னால் எழுந்து, மணி வேலைப்பாடு கெடாமல் கையைப் பிரித்து, உள்ளே துணி கொடுத்துத் தைத்து முடித்தேன்.

பாதையோரத்தில் நின்றுகொண்டு பெண்ணின் அம்மாவுக்குப் போன் செய்தேன். அந்த அம்மாவுக்கு முதலிலிருந்தே என்மேல் நம்பிக்கை கிடையாது. பிரிக்பீல்ட்ஸில் தடுக்கி விழுந்தால் தையல் கடை, எதற்காகக் கிள்ளானுக்குப் போக வேண்டும் என்பது அவர் கட்சி. மகள்தான் பிடிவாதமாக என்னிடம் வந்தாள்.

"டயர் பஞ்சராச்சுக்கா. எப்படியும் வந்துடுவேன்" என்றேன்.

"இதுக்குத்தான் தலையில அடிச்சிக்கிட்டேன். பத்து மணிக்கு எதுத்தாப்புல கடை திறப்பான். ரெடிமேட் ஒண்ணு எடுத்து மாட்டிவிட்டுர்றேன். நீங்க மெதுவாவே வாங்கம்மா."

அந்த 'மெதுவாவே' இருக்கிறதே, அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. கூறைச்சேலைக்கு ரெடிமேட்! முதுகில் ஊக்கு குத்தி இழுத்துப் பிடித்து, ஆயிரம் பேர் பார்க்க அந்தப் பெண் அப்படி நிற்பதா? அதற்குப் பிறகு பிரிக்பீல்ட்ஸிலிருந்து எனக்கு எவள் துணி அனுப்புவாள்? மோட்டாரைத் தள்ளத் தொடங்கினேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பட்டுச் சேலையில், முக்கி முனகிக்கொண்டு தள்ளினேன்.

சாப்பாட்டு டெலிவரிப் பெட்டி வைத்த மலாய்த் தம்பி ஒருவர் நிறுத்தினார். நெடுஞ்சாலையை விட்டு இறங்கும் அடுத்த வெளிவழியில் ஞாயிற்றுக்கிழமையும் திறக்கிற மோட்டார் கடை இருக்கிறதாம். சீட்டின் முன்நுனிக்கு வந்து, பாரத்தை முன்சக்கரத்தில் போட்டு, ஒன்றாம் கியரில் போகச் சொன்னார். நான் ஹேண்டிலைக் கட்டிப்பிடித்த மாதிரி உட்கார்ந்து நகர்ந்தேன். அவர் எனக்குப் பின்னால் விளக்கைச் சிமிட்டவிட்டு, கடை வாசல் வரைக்கும் வந்துவிட்டுத்தான் போனார்.

கடைக்காரர் நம்மவர். ஐம்பது வயதிருக்கும். பாதி ரொட்டிச்சானாயைத் தட்டில் விட்டுவிட்டு எழுந்து வந்தார். டியூபைக் கழற்றி ஓட்டையைப் பார்த்தார். டயரின் உள்பக்கத்தைத் துணியால் துடைத்தார், ஒன்றும் சிக்கவில்லை. புது டியூப் போட்டுக் காற்றடித்தார். நான் ஏறி உட்கார்ந்து ஸ்டாண்டை எடுத்தேன். பின்னால் ஸ்ஸ்ஸ் என்று சத்தம்.

மணி ஒன்பது.

"டயர்ல என்னமோ இருக்குக்கா. ஆனா கண்ணுக்குத் தெரியமாட்டேங்குது. டயரையே மாத்தணும் லா. இந்த சைஸ் என்கிட்ட இல்ல, இன்னொரு கடையிலேர்ந்து எடுத்தாரணும்."

"எவ்வளவு நேரமாகும், அண்ணே?"

"அவன் கடை திறக்கிறதே பத்துக்கு."

பத்து மணி! அந்த அம்மா ரெடிமேட் கடைக்குள் நுழைகிற நேரம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அழவும் செய்தேன், பொய் சொல்வானேன். கண்ணைத் துடைத்துக்கொண்டபோதுதான் புத்தி வேலை செய்தது. சும்மா நின்றபோது காற்று இறங்கவில்லை. நான் ஏறி உட்கார்ந்ததும் இறங்கியது. அப்படியானால் குத்துகிற சாமான் ரப்பருக்குள் ஒளிந்திருக்கிறது, அழுத்தினால்தான் தலையை நீட்டுகிறது. உடைந்த ஊசி முனை துணி மடிப்புக்குள் ஒளிந்துகொண்டு இதே வேலையைத்தான் செய்யும். அதைக் கண்ணால் தேடினால் கிடைக்காது. விரலால்தான் தேட வேண்டும்.

"டயரைக் கழட்டி மடக்கிப் பிடிங்க, அண்ணே. நான் பாக்குறேன்."

"கை கிழிஞ்சிரும்கா."

"இருபது வருஷமா கிழிஞ்சிக்கிட்டுத்தான் இருக்கு. பிடிங்க."

அவர் டயரைக் கொஞ்சம் கொஞ்சமாக மடக்கிக்கொண்டே வர, நான் கண்ணை மூடிக்கொண்டு உள்பக்கம் விரல்நுனியை ஓட்டினேன். டயரின் கரி முழங்கை வரை ஏறியது. அரைச் சுற்று, முக்கால் சுற்று. நடுவிரலில் ஒரு சின்னக் கடி. "இங்கதான், அசையாதீங்க!" என்று கத்தினேன். அவர் குறடு வைத்துப் பிடித்து இழுத்தார். அரை விரல் நீளத்துக்கு வந்தது, பளபளவென்று, முனை முக்கோணமாக.

தோல் தைக்கிற ஊசி. கல்லைப் போன்ற காய் எலுமிச்சைகளைக்கூட மாலையாகக் கோக்கக்கூடிய ஊசி. முந்தின நாள் அந்த எலுமிச்சை மாலையைக் கோத்துவிட்டு, பிறகு வீடு முழுவதும் தேடியும் கிடைக்காத என் ஊசி.

தையல்காரி கையில் ஊசியை வைத்துக்கொண்டு இருக்கமாட்டாள். தலையணை, திரைச்சீலை, தோளில் கிடக்கிற முந்தானை, பக்கத்தில் எது மெத்தென்று இருக்கிறதோ அதில் செருகிவிடுவாள். நான் மிச்சமிருந்த ஒரு பழத்தில் செருகியிருக்கிறேன், நூல் காது வரைக்கும் உள்ளே போகும்படி. கோவிலில் சக்கரத்துக்கு வைத்த பழம் ஒன்று உருண்டு சாக்கடைக்குள் போனது. ஐயர் இன்னொன்று கேட்டார். பையில் கையை விட்டு, அதை எடுத்துக் கொடுத்ததும் நானேதான். சாமிக்கு அந்த இடத்திலேயே மனசுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

"யாரு பண்ண வேலைக்கா இது?" என்றார் அவர்.

"என் வேலைதான், அண்ணே" என்று நடந்ததைச் சொன்னேன். மனிதர் தரையில் உட்கார்ந்து சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே டியூபை மாற்றினார்.

ஒன்பது இருபத்தைந்துக்குக் கிளம்பினேன். அந்தப் புது மோட்டார் ஓடிய ஓட்டத்தை நான் மறக்கவே மாட்டேன். மண்டப வாசலில் இறங்கியபோது பத்தாக இரண்டு நிமிஷம். பெண்ணின் அம்மா கைப்பையோடு, எதிர்க்கடையின் இரும்புக் கதவைப் பார்த்தபடி சாலையோரம் நின்றுகொண்டிருந்தார்.

"அக்கா!" என்று நான் போட்ட சத்தத்தில் நாதஸ்வரக்காரரே திரும்பிப் பார்த்தார்.

கை கருப்பாக இருந்ததால் ரவிக்கை வைத்திருந்த பையை நான் திறக்கவில்லை. அந்த அம்மாவைத் திறக்கச் சொன்னேன். அவர் ரவிக்கையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார், கைப்பகுதியைத் திருப்பி உள்தையலைப் பார்த்தார். பிரித்துத் தைத்த இடம் எது என்று அவருக்குத் தெரியவில்லை. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே ஓடினார், அந்த வயதில், அந்தப் பட்டுச்சேலையில்.

பெண் கூறைச்சேலையில் வெளியே வந்தாள். ரவிக்கை எங்கும் பிடிக்கவில்லை, எங்கும் தொங்கவில்லை. கெட்டிமேளம் கொட்டியபோது எல்லாரும் தாலியைப் பார்த்தார்கள், நான் கைத்தையலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாப்பாட்டுப் பந்தியில் வாழை இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். மூன்று முறை சோப்புப் போட்டும் கையிலிருந்த கரி போகவில்லை. பக்கத்து வரிசையில் பட்டும் வைரமுமாக ஒரு பெண்மணி, "ரவிக்கை ரொம்ப நல்லா இருக்கே. பிரிக்பீல்ட்ஸ்ல எந்தக் கடை?" என்று பெண்ணின் அம்மாவைக் கேட்டார்.

"கடை இல்ல. கிள்ளான்" என்றார் அந்த அம்மா. பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார். "அதோ, கையெல்லாம் கரியா உக்காந்திருக்காங்களே, அவங்கதான் நம்ம டெய்லர்."

எல்லாரும் திரும்பினார்கள். கையை மேசைக்கு அடியில் ஒளிக்கலாமா என்று ஒரு நொடி தோன்றியது. இரண்டையும் தூக்கி ஆட்டினேன்.