மேலே மேற்கு

டெக்சஸில், கேட்டி என்ற ஊரில், நான் ஒன்பதாம் வகுப்புப் படித்தபோது புவியியல் ஆசிரியை ஒரு வேலை கொடுத்தார். வீட்டில் ஒருவர் வளர்ந்த ஊரை, அவர் சொல்லக் கேட்டு, வரைபடமாக வரைய வேண்டும். அம்புக்குறி, தூரக்கணக்கு எல்லாம் கட்டாயம். அம்மா சென்னைக்காரி. சென்னையை வரைந்து முடிப்பதற்குள் உனக்குக் கல்யாணமே ஆகிவிடும் என்று என்னை அப்பாவிடம் தள்ளிவிட்டாள்.

அப்பாவோ, அமெரிக்கா திரும்பப் பாஸ்போர்ட்டில் விசா ஸ்டாம்பிங் வாங்க இரண்டே வாரம் என்று இந்தியா போனவர், மூன்றாவது மாதமாகத் திருநெல்வேலிப் பக்கம் தன் ஊரிலேயே உட்கார்ந்திருந்தார். எனக்கு ஏகக் கடுப்பு. நான் இங்கே ஸ்கூல் பஸ்ஸுக்கு அல்லாடுகிறேன், மனிதர் அங்கே லீவு கொண்டாடுகிறார் என்று நினைப்பு.

தினமும் காலையில் கிளம்புமுன் போன் பேசுவோம். பத்து நிமிடத்தில் சொல்லி முடிக்கக்கூடிய ஊர்தான். தெருவே இரண்டு, மேலத் தெருவும் கீழத் தெருவும். அப்பா நாளுக்கு ஒரு சமாச்சாரம்தான் தருவார். இன்று கோயில் என்றால் தபாலாபீஸ் நாளைக்கு. தூரம் கேட்டால், நடந்து பார்த்து எண்ணிச் சொல்கிறேன் என்பார். இப்படியும் ஒரு சோம்பேறித்தனமா என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஒப்படைக்கும் நாள் காலையில் படத்தை அவருக்கு அனுப்பினேன். மேலத் தெரு மேலே, கீழத் தெரு கீழே, வடக்கு அம்பு உச்சியைப் பார்த்து. என் தமிழறிவு அவ்வளவுதான். அப்பா சிரித்துச் சிரித்து இருமினார்.

"ஏட்டி, ஊரையே தூக்கி நட்டமா நிறுத்திட்டியே. மேலன்னா மேக்கு, கீழன்னா கிழக்கு."

பஸ்ஸுக்கு எட்டு நிமிடம். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. படத்தைத் தொடாதே, அம்பை மட்டும் அழித்து வடக்கை வலப்பக்கம் திருப்பு என்றார். திருப்பினேன். ஆசிரியை புருவத்தைத் தூக்கினார். எங்கள் மொழியில் மேற்குதான் மேலே என்றேன், என்னவோ பிறந்ததிலிருந்தே தெரிந்த மாதிரி. முழு மதிப்பெண். படம் வகுப்புச் சுவரில் ஏறியது.

மறுநாள் சொன்னபோது அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. பிறகு, இன்னும் ஒரு தூரம் பாக்கி என்றார். வீட்டிலிருந்து கீழத் தெருக் கோடியிலுள்ள ஹைஸ்கூல் வரை.

"எனக்கு அறுநூறு காலடி. உன் நடைக்கு எழுநூறு ஆவும், குறிச்சுக்கோ."

மார்க்தான் வாங்கியாயிற்றே, இனி எதற்கு என்று இங்கிலீஷில் கேட்டேன். சும்மாதான் என்றார். அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

நான்காம் மாதம் விசா கிடைத்தது, அப்பாவும் வந்து சேர்ந்தார். கிடைக்காமலே போயிருந்தால் நாங்களும் அந்த ஊருக்கே போயிருக்க வேண்டும்; அப்படி ஆனால் மகள் எங்கே படிப்பாள், எவ்வளவு தூரம் நடப்பாள் என்று அந்த மனிதர் எனக்காக நடந்து பார்த்திருக்கிறார். பாவி எனக்கு அது உறைக்கவே இல்லை. எழுநூறு என்பதை நான் குறித்துக்கூட வைக்கவில்லை.